மெல்லிசை மேடையில் பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டார் என்பது நான்கு தடித்த கம்பிகள் கொண்ட, மின்சாரத்தால் ஒலி பெருக்கப்படும் நரம்புக் கருவி. தமிழில் இதைத் தாழ்சுரக் கிட்டார் என்று எழுதுவோரும் உண்டு. சாதாரணக் கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளைப் போலவே இதுவும் ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி கூட்டப்படுகிறது. ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. தாளத்தையும் கார்டுகளையும் சேர்த்துக் கட்டுவது இதன் வேலை. இக்கருவி தமிழ்த் திரையிசைக்குள் நுழைந்ததையும், அங்கிருந்து ஊர்த் திருவிழா மேடைகளுக்கு வந்ததையும், பின்பு அந்த மேடைகளிலிருந்து ஏறத்தாழ காணாமல் போனதையும் இக்கட்டுரை கூறுகிறது. செஞ்சி வட்டத்து அனந்தபுரம் பகுதியில் இருந்து எழுதுவதால் எங்கள் ஊர்ப்பக்கத்து அனுபவங்களும் இடையிடையே வரும்.

1980களின் தொடக்கத்தில் ஒரு திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து பாட்டுக் கச்சேரி வந்தது. மேடையில் இரண்டு கிட்டார்காரர்கள். ஒருவர் கிட்டாரில் ஆறு கம்பி, இன்னொருவருடையதில் நான்குதான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "பாவம், அந்தத் தம்பி கிட்டார்ல ரெண்டு கம்பி அறுந்து போச்சு போல, அப்பவும் விடாம வாசிக்குறான் பாரு" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நானும் அன்றுதான் பேஸ் கிட்டாரை முதன்முதலாக நேரில் பார்த்தேன்.

அந்தக் கருவியின் ஒலி எங்களுக்குப் புதிதல்ல. திரைப்பாடல்களில் பல ஆண்டுகளாக அது இருந்தது. ஆனால் எங்கள் காதுக்கு அது வந்து சேரவில்லை. காரணம், நாங்கள் பாட்டுக் கேட்ட வழி.

கருவி பிறந்த கதை

மேற்கத்திய இசைக்குழுக்களில் தாழ்சுரத்தை வெகுகாலம் தாங்கியது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கும் மேலான அந்த மரக்கருவியை நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். பேருந்திலோ காரிலோ எடுத்துப்போவது பெரும்பாடு. டிரம்சும் மின் கிட்டாரும் சேர்ந்த மேடையில் அதன் ஒலியும் எடுபடாது. 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க் கிட்டாரைப் போல மடியில் வைத்து வாசிக்கும் மின் பேஸ் ஒன்றைச் செய்தார். அது பரவவில்லை.

பரவியது 1951இல் லியோ பெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ். ரேடியோ பழுதுபார்ப்பவராக இருந்த பெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது வேடிக்கையான உண்மை. டபுள் பேஸின் கழுத்தில் பிரெட்டுகள் கிடையாது. விரலை எங்கே அழுத்தினால் சுரம் சரியாக வரும் என்பதைக் காதால்தான் கண்டறிய வேண்டும். பெண்டர் தன் கருவிக்குப் பிரெட் வைத்தார். சுரம் துல்லியமாக விழுந்ததால் துல்லியம் என்று பொருள்படும் பெயரையே வைத்தார். 34 அங்குலம் என்று அவர் வைத்த கம்பி நீளம்தான் இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களின் அளவு.

அமெரிக்காவில் ஜேம்ஸ் ஜாமர்சன் அந்தக் கருவியை ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டி, மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களுக்கு வாசித்தார். 1960களில் அந்த இசைத்தட்டுகளின் உறைகளில் அவர் பெயர் இடம்பெறவில்லை. இங்கிலாந்தில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, வயலின் வடிவிலான ஹோப்னர் பேஸைப் புகழ்பெறச் செய்தார். 1961இல் ஹாம்பர்க்கில் அவர் வாங்கிய கிட்டார் 1972இல் திருடு போனது. அரை நூற்றாண்டு கழித்து அது கிடைத்துவிட்டதாக 2024இல் அறிவிக்கப்பட்டது.

தமிழ்த் திரையிசையில்

நம் மரபிசையில் தாழ்ந்த ஒலி இல்லாமல் இல்லை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் தவிலின் தடிப் பக்கமும் அதைத்தான் தருகின்றன. ஆனால் பாட்டு ஒரு மெட்டில் போகும்போது அதற்குக் கீழே வேறொரு மெட்டு தனியாக நடப்பது நம் வழக்கமல்ல. எங்கள் வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டுக்குப் பெயர்பெற்றது. பழைய செஞ்சியாகிய மேலச்சேரி அவ்வழிபாட்டின் தலைமையிடமாகக் கருதப்படுகிறது. விடிய விடிய நடக்கும் எங்கள் தெருக்கூத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் உண்டு. எல்லாம் பாடுபவரின் மெட்டையோ தாளத்தையோ பின்தொடர்பவை.

சென்னையின் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் முதலில் இருந்தது டபுள் பேஸ்தான். மின் பேஸ் அதன் இடத்தைப் பையப் பையப் பிடித்தது. 1976இல் அன்னக்கிளி படத்தில் அறிமுகமான இளையராஜாவின் இசையில் அந்தக் கருவிக்கு ஒரு புதிய மதிப்பு வந்தது. அவரே கிட்டார் கலைஞர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர். எந்தக் கருவி எதை வாசிக்க வேண்டும் என்பதை மேற்கத்திய இசைக் குறியீட்டில் முழுதாக எழுதிக் கொடுப்பவர். கார்டின் அடிச்சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருந்த பேஸ், அவர் பாடல்களில் பாடகருக்குப் பதில் சொல்வது போல ஏறி இறங்கியது. மூடுபனி (1980), நினைவெல்லாம் நித்யா (1982) ஆகிய படங்களின் பாடல்களை நல்ல ஹெட்போனில் கேட்கும் மாணவர்கள் இதை எளிதில் உணரலாம். அவற்றின் காலத்தில் அவருக்கு நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ. ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸும், பிற்காலத்தில் மும்பையைச் சேர்ந்த மோகினி டேயும் வாசித்துள்ளனர். பாடகர் பெயரைச் சட்டென்று சொல்லும் நம் ரசிகர்களிடம் இந்தப் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள்.

குழாய் ஸ்பீக்கரும் எட்டு மீட்டர் அலையும்

பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அடுத்தடுத்த கம்பிகள் 55, 73, 98 ஹெர்ட்ஸ். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் என்று எட்டாம் வகுப்பிலேயே படிக்கிறோம். அதை 41ஆல் வகுத்தால் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல் வரும். பனைமரத்திலும் கோயில் கோபுரத்திலும் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் வாய் ஒரு மீட்டர்கூட இருக்காது. அந்தக் கூம்பு சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை ஏறக்குறைய வெளியே விடுவதே இல்லை. பேச்சுக்கும் நாதசுரத்துக்கும் அது போதும். நாலு ஊர் தாண்டிக் கேட்கும். டிரான்சிஸ்டர் வானொலியின் உள்ளங்கையளவு ஸ்பீக்கரும் இந்த விஷயத்தில் அதற்கு உறவுதான்.

ஆகவே 1970களிலும் 80களிலும் கல்யாண வீட்டுக் குழாயிலும் தேநீர்க்கடை வானொலியிலும் பாட்டுக் கேட்ட எங்களுக்குப் பேஸ் பகுதி அநேகமாகக் கழிந்தே கிடைத்தது. கம்பியின் மேலதிர்வுகள் மட்டும் வந்து சேர, மீதியை மூளை ஊகித்துக்கொண்டது. எழுதியவரும் வாசித்தவரும் பட்ட பாட்டில் பாதி எங்கள் ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டது என்று சொல்லலாம். டேப் ரெக்கார்டரும் மரப்பெட்டி ஸ்பீக்கரும் வீடுகளுக்கு வந்தபோதுதான் பழைய பாடல்களுக்குள் இன்னொரு பாட்டு இருந்தது தெரியவந்தது.

அதற்கு முன்பே அந்த ஒலியை நேரில் கொண்டுவந்தவை மெல்லிசைக் குழுக்கள். பெட்டி ஸ்பீக்கரோடு வந்த அந்தக் கச்சேரியில் பேஸ் ஒலித்தபோது நெஞ்சில் ஏதோ தட்டுவது போல் இருந்தது. அது பயமா மகிழ்ச்சியா என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பகுதிநேரக் கலைஞர்களும் கருவித் தேடலும்

மெல்லிசைக் குழுக்களில் பெரும்பாலோர் முழுநேரக் கலைஞர்கள் அல்லர். பகலில் வங்கி, பட்டறை, பள்ளி என்று வேலை. திருவிழாக் காலத்தில் இரவில் மேடை. சென்னையில் கல்லூரி மாணவர்களின் ஆங்கிலப் பாட்டுக் குழுக்கள் வேறொரு உலகம். சிம்லா பீட் என்ற போட்டியில் தேர்வான இந்தியக் குழுக்களின் பாடல்கள் 1970, 1971 ஆண்டுகளில் இசைத்தட்டாகவே வெளிவந்தன. ரகுமானும் திரைக்கு வருமுன் ரூட்ஸ், நெமசிஸ் அவென்யூ போன்ற சென்னைக் குழுக்களில் வாசித்தவர். இரு உலகத்துக்கும் பொதுவாக இருந்தது கருவிப் பஞ்சம்.

வெளிநாட்டுக் கருவிகளுக்கு 1991க்கு முன் கடுமையான இறக்குமதிக் கட்டுப்பாடும் வரியும் இருந்தன. 1842இல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கி, அண்ணா சாலையில் இன்றும் இயங்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளின் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களே அதிகம். கொல்கத்தாவின் கிவ்சன் போன்ற உள்நாட்டுக் கருவிகள்தான் கைக்கு எட்டின. கிப்சன் என்ற அமெரிக்கப் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருப்பதைக் கவனிக்கவும்.

அன்று கச்சேரி முடிந்ததும் அந்த நாலு கம்பிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். கருவியின் உடலைத் தச்சர் ஒருவரிடம் பலா மரத்தில் செய்துகொண்டாராம். கழுத்து வேறொரு உடைந்த கிட்டாருடையது. புதுக் கம்பி கிடைப்பது அரிது என்பதால், மங்கிய கம்பிகளைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு அழுக்கை எடுத்துத் துடைத்து மறுபடி கட்டுவாராம். பத்து நாளைக்கு ஒலி தெளிவாக இருக்கும் என்றார். இந்த உத்தியைப் பிற நாட்டு பேஸ் கலைஞர்களும் கையாண்டிருக்கிறார்கள் என்பது பின்னாளில் தெரிந்தது.

இன்று புதிதாக வாங்கும் மாணவர் விலையையும் நிறத்தையும் விட, கழுத்து நேராக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கருவியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, துப்பாக்கியில் குறிபார்ப்பது போலக் கழுத்தின் நெடுகப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு பிரெட்டிலும் அழுத்தி மீட்டி, கம்பி எங்காவது கரகரக்கிறதா என்று கேட்க வேண்டும். சிறிய கை உள்ளவர்களுக்கு 30 அங்குலக் குறுங்கழுத்து பேஸ் உண்டு. மெக்கார்ட்னியின் ஹோப்னரும் அந்த வகையே. கம்பி வழக்கமாக 0.045 முதல் 0.105 அங்குலம் வரை தடிமன் உள்ள தொகுப்பாகக் கிடைக்கும். உள்ளே 9 வோல்ட் மின்கலம் வைக்கும் ஆக்டிவ் வகையில் ஒலியைக் கூடுதலாகத் திருத்தலாம். மேடையில் மின்கலம் தீர்ந்தால் பெரும்பாலான ஆக்டிவ் கருவிகள் மௌனமாகிவிடும் என்பதால், தொடக்கநிலையில் மின்கலம் தேவைப்படாத பாசிவ் வகையே நல்லது என்பது என் கருத்து.

கிட்டாரில் மிச்சம் பிடித்தாலும் ஸ்பீக்கரில் மிச்சம் பிடிக்கக் கூடாது. தாழ்ந்த ஒலியை உணரும் திறன் நம் காதுக்குக் குறைவு. அதனால் மின் கிட்டாருக்குப் போதுமான வாட் பேஸுக்குப் போதாது. 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கர் உள்ள பேஸ் ஆம்பிளிபயர் சிறந்தது. வாங்க வசதியில்லை என்றால் டி.ஐ. பெட்டி என்ற சிறு கருவி வழியாக மேடையின் மிக்சருக்கே இணைப்புக் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கிட்டார் கம்பிகள் மின் இணைப்பின் எர்த்துடன் சேர்ந்தவை. ஜெனரேட்டரில் ஓடும் ஊர் மேடைகளில் எர்த் சரியாக இல்லாவிட்டால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் பட்ட கணத்தில் உடலில் மின்சாரம் பாயும். 1972இல் ஸ்காட்லாந்துக் குழு ஒன்றின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸின் சுவான்சீ மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டுவிழாவில் மாணவன் ஒருவன் இதேபோல் தூக்கி எறியப்பட்டதை நான் கண்ணால் கண்டேன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். டெஸ்டரால் மைக்கைத் தொட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகும்.

இடது கை பறித்த இடம்

1983இல் யமகாவின் டி.எக்ஸ். 7 வந்தபின் கீபோர்டிலேயே பேஸ் ஒலியை எழுப்புவது எளிதாயிற்று. இளையராஜா 1986இல் புன்னகை மன்னன் படத்துக்குக் கணினியின் துணையோடு இசையமைத்தார். ஊர் மேடைகளை மாற்றியது அதைவிடச் சாதாரணமான கருவி: இடது கையால் கார்டைப் பிடித்தால் தாளமும் பேஸும் தானாகவே ஒலிக்கும் கீபோர்டு. எட்டுப் பேர் வந்த குழு நாலு பேராயிற்று. முதலில் வெட்டுப்பட்டவர் பேஸ்காரர். ஏனென்றால் அவர் இல்லாததைக் கூட்டம் கவனிக்கவில்லை. நாலு கம்பியை அறுந்ததாக நினைத்தவர்கள்தானே நாங்கள். பின்னர் பென் டிரைவில் பதிந்த டிராக்குடன் பாடகர்கள் மட்டுமே வரத் தொடங்கினார்கள்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியைத் தடுத்தன. விடியும்வரை நடந்த கச்சேரிகள் சுருங்கின. தமிழ்நாட்டில் கூம்பு ஸ்பீக்கர்களுக்கும் தடை வந்து பெட்டி ஸ்பீக்கர்கள் எங்கும் நிறைந்தன. தாழ்ந்த ஒலியைத் தர வழியில்லாத காலத்தில் மேடையில் பேஸ் கலைஞர் இருந்தார். ஓட்டுவீட்டுக் கூரை அதிரும் அளவுக்கு அது ஒலிக்கும் இன்று பெட்டிக்குப் பின்னால் ஆள் இல்லை.

கருவி அடியோடு மறைந்துவிடவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் போன்ற கல்லூரி விழாக்களில் மாணவர் குழுக்கள் வாசிக்கின்றன. சிற்றூர்களில் அதை உயிரோடு வைத்திருப்பவை பெரும்பாலும் தேவாலயப் பாடகர் குழுக்கள். ஞாயிறுதோறும் வாசிக்க மேடையும், தவறினால் திருத்த மூத்தவர் ஒருவரும் அங்கே இருக்கிறார்கள். எங்கள் பகுதியில் அப்படிப் பழகிய இளைஞர் ஒருவர் இப்போது செஞ்சிப் பக்கத்துத் திருமண வரவேற்புகளில் வாசிக்கிறார். அவருடையது ஐந்து கம்பி பேஸ். "ஒரு கம்பி அறுந்து போச்சா தம்பி?" என்று இன்னும் கேட்கிறார்களாம்.