துறை ஒன்று, பெயர் இரண்டு

திருகோணமலையிலிருந்து கொட்டியாரக் குடாவைச் சுற்றித் தெற்கே சென்று, மூதூரையும் ஈச்சிலம்பற்றையும் கடந்தால், உல்லைக்கழி கடலோடு கலக்கும் இடத்தை அடையலாம். கரையிலே பாறைக் குன்றொன்று நிற்கிறது. தமிழர் இவ்விடத்தை இலங்கைத்துறை முகத்துவாரம் என்பர்; சிங்கள மக்கள் லங்காபட்டுன என்பர். பட்டினம் என்ற சொல்லை அறிந்த நமக்கு இதில் மயக்கம் ஏற்பட இடமில்லை. இரண்டும் ஒரே பெயர். ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு. பொருளில் இத்துணை ஒற்றுமையிருந்தும், அப்பெயரைக் கேட்கும்போது இரு சாராரின் உள்ளத்திலும் எழுவது ஒரே கதையன்று.

பௌத்த அன்பர்க்கு இது புனிதத் துறை. 4 ஆம் நூற்றாண்டிலே, கித்சிறிமேவன் ஆட்சியில், கலிங்கத்து இளவரசி ஹேமமாலை புத்தர்பிரானின் தந்தத்தைத் தன் கூந்தலில் மறைத்துக்கொண்டு கணவன் தந்தகுமாரனுடன் வந்திறங்கியது இங்கேதான் என்பது அவர்கள் நம்பிக்கை. 13 ஆம் நூற்றாண்டிற் பாளியில் எழுந்த தாதாவம்சம் அவர்கள் இறங்கிய துறையை லங்காபட்டணம் என்கிறது. தமிழ் மக்களோ குன்றில் முருக வழிபாடு இருந்ததென்பர். 2006 ஆம் ஆண்டுப் போரில் இப்பகுதித் தமிழர் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. இன்று குன்றின்மேல் இருப்பது சமுத்திரகிரி விகாரை. இதனைச் சொல்லும்போது நம் குரல் சற்றே உயர்கிறது என்பதை மறைப்பானேன்?

பண்பாடு என்பதுதான் யாது? மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம் அச்சொல்லை முதன்முதலிற் கேட்டது ஆங்கிலத்திலே, பரிசளிப்பு விழா மேடையிலே. சேக்ஸ்பியரை மனனம் செய்வதும், கரண்டி பிடிக்கும் முறையும், பாடகர் குழுவில் நிற்பதுமே அதுவென்று எண்ணியிருந்தோம். 1869 இல் மத்தியூ ஆர்னல்ட் எழுதியதன் நிழல் அந்த மேடைவரை நீண்டிருந்தது போலும்! வீட்டிற் பாட்டியைக் கேட்டால், கால் கழுவாமல் உள்ளே வராதே என்பதே அவர் தந்திருக்கக்கூடிய விளக்கம். 1871 இல் எட்வேட் டைலர் அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் யாவற்றையும் பண்பாட்டில் அடக்கினார். அவர் கணக்கிற் பாட்டியும் வென்றுவிட்டார். தமிழில் பண்பாடு என்ற சொல்லே 20 ஆம் நூற்றாண்டில் இப்பொருளில் வழக்குக்கு வந்தது, ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரே அதனை வழங்கச் செய்தவர் என்பர். மிகப் பழையதென்று நாம் மார்தட்டும் ஒன்றுக்கு, இட்ட பெயர் இத்தனை புதியது.

நம் பகுதியிலே இன்னுஞ் சிலர் உளர். வேறு பெயர் வேண்டுமென்று கேளாதவர் அவர்கள். மூதூர் கிழக்கிலிருந்து வெருகல்வரை வாழும் கரையோர வேடர் தமிழ் பேசுவர், முருகனைத் தொழுவர், வேடர் என்ற தம் அடையாளத்தையும் விடார். 1911 இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூல் அவர்களைப் பற்றித் தனியே கூறுகிறது. தமிழரா, வேடரா என்று வினவுவது நமது பழக்கம். அவர்களுக்கு அது கேள்வியே அன்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு இஸ்லாத்தை வாழ்வாகக் கொண்ட மூதூர் முஸ்லிம்களையும் நம்முடைய இரண்டு பெயர்ப் பட்டியலில் எங்கே வைப்பது? 1660 இற் கொட்டியாரத்திற் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டு கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, தப்பிச் சென்று, 1681 இல் எழுதிய நூலில் உணவையும் உடையையும் மணமுறையையும் விரித்துரைத்தார். வெளியான் கண்ணுக்கு அன்றாடமே பண்பாடாகத் தெரிந்தது. உள்ளிருப்பவர் நாம் கோவிலையும் விகாரையையும் மட்டுமே பார்க்கிறோம்.

ஆயினும் நம்மை உண்மையில் தடுமாற வைத்தது திருகோணமலைக்கு வடமேற்கே பெரியகுளத்தருகே உள்ள இடிபாடுகளே. சிங்களத்தில் வெல்கம் விகாரை. ஊர்த் தமிழர் வாயில் நாதனார் கோவில். 993 ஆம் ஆண்டளவிற் சோழர் இந்நாட்டின் வடபகுதியைக் கைக்கொண்டனர். விகாரை அழிந்ததா? இல்லை. அது சோழர் பாணியிற் புதுக்கப்பெற்று இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள், விளக்கெரிக்கவும் பிற தேவைக்குமாகக் கால்நடையும் பொருளும் கொடுத்தோரைக் கூறுகின்றன. தஞ்சையிற் பெரிய கோவில் எடுத்த அதே இராஜராஜன், நாகபட்டினத்திலே ஸ்ரீவிஜய மன்னன் அமைத்த சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையும் ஈந்தான்.

போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்த கோணேசர் கோவிலை நாம் மறப்பதில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. ஆனால் தமிழராகவும் பௌத்தராகவும் வாழ்ந்த இப்பெரும்பள்ளி அடியாரை எந்த மேடையிலும் நினைத்ததுண்டா? அவர்களை நம்மவர் என்றால் சமயம் இடிக்கிறது. பிறர் என்றால் கல்வெட்டின் மொழி இடிக்கிறது.

சென்ற விடுமுறையில் நண்பர் நால்வருடன் அங்கு சென்றிருந்தோம். கல்லின்முன் குனிந்து எழுத்துக்கூட்டிக் கொண்டிருக்கையில், யாத்திரை வந்த சிங்களப் பெரியவர் ஒருவர் அருகில் வந்து, இதை உங்களால் வாசிக்க முடிகிறதா என்று கேட்டார். பாதிதான் முடிகிறது என்றோம். அந்தப் பாதியைச் சொல்லச் சொன்னார். நமக்குத் தெரிந்த சிங்களத்தில், பெரிய பள்ளி, விளக்கு, கொடை என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னோம். எழுதியவர் பௌத்தரா, தமிழரா என்று அவர் வினவினார். இரண்டும் என்றோம். அவர் சிறிது நேரம் கல்லையே பார்த்திருந்துவிட்டு, மற்றப் பாதியையும் படித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி விளக்கேற்றப் போனார்.