தமிழ் வழக்கில் பால் பாகுபாடு

ஆண், பெண், திருநர் ஆகியோரைச் சுட்டவும் அழைக்கவும் வழங்கும் சொற்களில் படிந்திருக்கும் ஏற்றத்தாழ்வை மொழிசார் பால் பாகுபாடு என்பர். தமிழில் இது பழமொழியில் தொடங்கி வசை, செய்தித் தலைப்பு, சட்டச் சொல், அரசுப் படிவம் வரை பரவியிருக்கிறது. இதற்கு இலக்கணத்தின் மேல் பழி போடுபவர்கள் உண்டு. ஆனால் தமிழ் இலக்கணம் விட்டுவைத்த வாசலையும் அடைத்தது வழக்குதான்.

இலக்கணம் தந்த இடம்

தொல்காப்பியம் பெயர்களை முதலில் உயர்திணை, அஃறிணை என்றே பிரிக்கிறது. ஆணும் பெண்ணும் ஒரே உயர்திணைக்குள் அடங்குகிறார்கள். இந்தியில் நாற்காலிக்கும் பால் உண்டு. தமிழ் உயிரற்ற பொருளுக்கு ஆண், பெண் என்று பால் பிரிப்பதில்லை. ஆண், பெண் என்ற வரையறைக்குள் நிற்காதவரைக் குறிக்கும் பெயருக்குத் தனி ஈறு இல்லை என்றும், அது உயர்திணை ஈற்றையே கொள்ளும் என்றும் அந்நூல் சொல்கிறது. பலர்பாலுக்குரிய ‘அர்’ ஈறு மரியாதை ஒருமையாகவும் வழங்குவதால் மருத்துவர், அமைச்சர், ஆசிரியர், கவிஞர் என்ற சொற்கள் இரு பாலாருக்கும் அப்படியே பொருந்தும். இருந்தும் கவிதை எழுதும் பெண்ணுக்குக் ‘கவிதாயினி’ என்று தனிச்சொல் கட்டினோம்; நாவல் எழுதினால் ‘பெண் எழுத்தாளர்’ என்கிறோம். ‘ஆண் எழுத்தாளர்’ என்று ஒருவரையும் அறிமுகம் செய்வதில்லை. ‘உழவன்’ என்ற சொல் நடவும் களையெடுப்பும் செய்யும் பெண்களின் கைகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பேச்சில் நிலைமை இன்னும் மோசம். எழுத்தில் பொதுவாக நிற்கும் ‘அவர்’, பேச்சில் ‘அவரு வந்தாரு’ என்று ஆணுக்கு மட்டும் உரியதாகிவிட்டது. ஆணுக்கு அவன், அவரு, அவங்க என்று மூன்று படிகள். பெண்ணுக்கு நடுப்படி கிடையாது; ‘அவ’ என்ற கீழ்ப்படியிலிருந்து ‘அவங்க’ என்ற மேல்படிக்குத்தான் தாவ வேண்டும். அந்த வெற்றிடத்தைப் பல ஊர்களில் அஃறிணை நிரப்புகிறது: ‘அந்தப் பொண்ணு வந்துச்சு’, ‘டீச்சர் சொல்லிச்சு’. இதில் அன்பும் உரிமையும் உண்டு என்பது மெய்தான். சிறு பையனையும் ‘வந்துச்சு’ என்றுதான் கொஞ்சுகிறோம். ஆனால் மீசை அரும்பியதும் அவன் ‘வந்தான்’ ஆகிவிடுகிறான். அவளோ வேலைக்குப் போய், பிள்ளை பெற்ற பிறகும் ‘வந்துச்சு’தான். வீட்டுக்குள் கணவனை ‘என்னங்க’ என்பதும் மனைவியை ‘ஏய், வாடி’ என்பதும் இதே கணக்கைச் சேர்ந்தவை.

இணையற்ற சொற்கள்

இல்லாள் என்றால் மனைவி. இல்லான் என்றால் ஏதுமற்றவன். வாழாவெட்டி, ஓடுகாலி, முதிர்கன்னி ஆகியவற்றுக்கு ஆண்பால் தேடினால் கிடைக்காது. ஆண்மை என்ற சொல்லுக்கு அகராதி வீரம் என்றும் பொருள் தருகிறது. பெண்மைக்கு அமைதி, நாணம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. பெரியார் தம் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலின் முதல் கட்டுரையில் ‘கற்பு’ என்ற சொல்லையே எடுத்து ஆராய்ந்தார். கடைசிக் கட்டுரையில், பெண்கள் விடுதலைக்கு ‘ஆண்மை’ அழிய வேண்டும் என்றார். சொல்லில்தான் பூட்டு தொங்குகிறது என்று கண்டவர் அவர்.

விதவைக்கு ஆண்பாலே இல்லை என்று மேடைகளில் சொல்வதுண்டு. இருந்த சொல்லை நாம் தொலைத்தோம் என்பதே சரி. மனைவியை இழந்த ஆணின் நிலையைத் தொல்காப்பியம் ‘தபுதாரம்’ என்கிறது. இலங்கையின் ஓய்வூதியத் திட்டப் பெயரில் ‘தபுதாரர்’ இன்றும் வாழ்கிறார். தமிழ்நாட்டில் அப்படி ஒரு சொல் தேவைப்படவில்லை. மனைவி இறந்த ஆணைச் சுபகாரியத்தில் யாரும் ஒதுக்குவதில்லை. ஒதுக்கப்படாதவருக்குப் பெயர் எதற்கு? ‘விதவை’யில் புள்ளி இல்லை, ‘கைம்பெண்’ணில் இரண்டு புள்ளி உண்டு, பொட்டு வைத்துக்கொள்ளட்டும் என்று மு. கருணாநிதி சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. நல்ல மனம்தான். என்றாலும் கணவன் இல்லாததையே அடையாளமாக்குவதில் இரண்டு சொல்லும் ஒன்று.

ஒரு சொல் எப்படித் தாழ்கிறது என்பதற்குத் ‘தேவரடியார்’ போதும். சோழர் காலக் கல்வெட்டுகளில் இது கோயில் பணிக்குரிய பெயர். அவர்களில் சிலர் கோயிலுக்குக் கொடை அளித்ததும் கல்லில் இருக்கிறது. அதே சொல்லின் ஒருமைதான் இன்று தெருச்சண்டையில் பெண்ணின் மேல் முதலில் வீசப்படுகிறது. தேவரடியார் முறைக்குள் வளர்ந்து அதை எதிர்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதினார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதை 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் தடைசெய்தது. வழக்கம் போயிற்று, வசை நிலைத்துவிட்டது. ஆணைத் திட்ட வேண்டுமானாலும் அவன் தாயின் பெயரில்தான் திட்டுகிறோம்.

செய்தியும் சட்டமும்

தமிழ் நாளேடுகள் நெடுங்காலம் எழுதிவந்த ‘கற்பழிப்பு’ என்ற சொல், குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவளிடம் ஏதோ அழிந்துவிட்டதாகச் சொன்னது. பெண்ணியர்களின் வற்புறுத்தலால் பாலியல் வன்முறை, வன்புணர்வு என்ற சொற்கள் இப்போது ஊன்றிவிட்டன. ஈழத்து வழக்கில் ‘வல்லுறவு’ உண்டு. ‘மானபங்கம்’ இன்னும் முழுதாக விலகவில்லை. பாலியல் தொழில் குறித்த செய்திகளில் வரும் ‘அழகி கைது’ என்ற தலைப்பும் அப்படியே. கூடப் பிடிபட்ட ஆணின் தோற்றத்தை எந்தத் தலைப்பும் சொன்னதில்லை.

சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இறந்ததையடுத்து 1998-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தின் பெயரில் முதலில் ‘ஈவ் டீசிங்’ என்றே இருந்தது. உயிரையே பறிக்கும் செயலுக்குச் சீண்டல் என்று பெயர். பின்னர் அது பெண்களைத் துன்புறுத்துவதைத் தடைசெய்யும் சட்டம் என மாற்றப்பட்டது. நீதிமன்ற நடையில் ஒட்டியிருக்கும் பால்சார் முன்முடிவுகளைச் சுட்டி, மாற்றுச் சொற்களுடன் ஒரு கையேட்டை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் வெளியிட்டது. ‘ஈவ் டீசிங்’ அதிலும் களையப்பட வேண்டிய சொல்.

சொல் மாறினால் நடத்தை மாறுமா என்பவர்களுக்குத் ‘திருநங்கை’ ஒரு விடை. ஒரு தலைமுறைக்கு முன் திருநங்கையரைக் குறிக்க ஊரில் இருந்தவை பெரும்பாலும் வசைகள். 2008-இல் தமிழ்நாடு அமைத்த நல வாரியத்தின் பெயரில்கூட ‘அரவாணி’ என்றுதான் இருந்தது. இன்று பேருந்து நடத்துநர் வாயிலும் திருநங்கை என்ற சொல் இயல்பாக வருகிறது. பால், பாலின அடையாளம் குறித்த சொற்களஞ்சியம் ஒன்றைச் சென்னை உயர் நீதிமன்ற வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது.

படிவங்கள்

‘திரு’ ஓர் ஆணுக்கு மணமானதா என்று சொல்வதில்லை. ‘செல்வி’யும் ‘திருமதி’யும் சொல்லிவிடுகின்றன. இரு பாலாருக்கும் பொதுவான ‘திருமிகு’ சில அமைப்புகளின் அழைப்பிதழ்களில் வருகிறது. அஞ்சல் உறைவரை அது இன்னும் போகவில்லை.

கிரயப் பத்திரத்தில் ஆணின் பெயரையடுத்து ‘த/பெ’ என்று தந்தை பெயர் வரும். பிறந்தது முதல் இறப்பது வரை அது மாறாது. பெண்ணுக்குத் திருமணம்வரை ‘த/பெ’, பிறகு ‘க/பெ’. தன் சம்பளத்தில் சீட்டுக் கட்டி, நகையை அடகு வைத்து ஒன்றரை சென்ட் மனை வாங்குபவளும் அந்தத் தாளில் ‘க/பெ’ தான். ‘ம/பெ’ என்று மனைவி பெயரைக் கேட்கும் பத்திரம் கிடையாது. கணவர் இறந்தால் அந்த இடம் அவள் பெயருக்கு வெறுமனே விடப்படுவதில்லை; ‘க/பெ. (லேட்)’ என்று எழுதி, பக்கத்தில் அவர் பெயரைச் சேர்க்கிறார்கள்.