காத்திருக்கும் கணிப்பொறி

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவிக்குச் சென்றவர்கள் ஒன்றை அறிவார்கள். குளிப்பது சில நிமிடங்களே. அதற்காகக் காத்து நிற்பது பல மடங்கு. ஆயினும் அருவி மெதுவாக விழுகிறது என்று யாரும் குறை கூறுவதில்லை. கணிப்பொறி தாமதித்தால் மட்டும் ‘மந்தமான பொறி’ என்று சலித்துக்கொள்கிறோம். உண்மையில் மந்தம் எங்கே இருக்கிறது? நம் நாட்டுக் கணிப்பொறிகளின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

இந்தியாவிற்கு வந்த முதல் இலக்கமுறைக் கணிப்பொறி ஹெச்.இ.சி.-2எம். 1955-இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அதன் நினைவகம், காந்தப் பூச்சுடன் சுழலும் ஓர் உருளை. திருவிழா ராட்டினத்தில் நம் தொட்டில் கீழே வரும்வரை நிற்கிறோம் அல்லவா? அதுபோல, வேண்டிய எண் படிக்கும் முனைக்கு நேரே வரும்வரை பொறி காத்திருக்கும். ஓர் உருளை நிமிடத்திற்கு 3000 முறை சுழல்வதாகக் கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. சராசரியாகக் காத்திருப்பது அதில் பாதி, 10 மில்லி விநாடி. எனவே உருளைப் பொறிகளுக்கு நிரல் எழுதிய வல்லுநர்கள், ஒரு கட்டளை முடியும்போது அடுத்த கட்டளை முனைக்கு வந்து சேரும்படி இடம் பார்த்து அமைத்தார்கள்.

பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மனின் குழு உருவாக்கிய டிஃப்ராக் 1960-இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. அதன் நினைவகத்தில் சுழலும் உருளை இல்லை. ஃபெரைட் வளையங்கள் இருந்தன. பொறியின் காத்திருப்பு குறைந்தது.

மனிதனின் காத்திருப்போ தொடர்ந்தது. 1973-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. அக்காலத்தில் நிரலை அட்டைகளில் துளையிட்டு ஒப்படைத்துவிட்டு, விடைத்தாளுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் மீண்டும் முதலிலிருந்து! ஆகவே அட்டையைக் கொடுக்குமுன் காகிதத்திலேயே கணக்கைப் போட்டுச் சரிபார்க்கும் பழக்கம் வளர்ந்தது.

இன்று தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலேயே, 2011 முதல், ஜோஹோ நிறுவனத்தார் மென்பொருள் உருவாக்கி வருகிறார்கள். ஆனால் நம் பள்ளியிலோ வீட்டிலோ உள்ள பழைய கணிப்பொறியைத் திறந்து பாருங்கள். நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் காந்தத் தட்டு உள்ளே இருக்கலாம். அதில் சராசரிக் காத்திருப்பு சுமார் 5.5 மில்லி விநாடி. நாம் கணக்கிட்ட உருளையில் ஏறத்தாழ பாதிதான். அந்த நேரத்தில், விநாடிக்கு 100 கோடி முறை துடிக்கும் செயலி 55 இலட்சம் முறை துடித்துவிடும்! மந்தம் பெரும்பாலும் செயலியில் இல்லை. அதன் காத்திருப்பில்தான் இருக்கிறது.

எனவே பொறி தாமதிக்கும்போது மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தாதீர்கள், வரிசைதான் நீளும். மின்சாரத்தை நிறுத்தினால், எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் சிதையலாம். தேவையற்ற நிரல்களை மூடுங்கள். பழைய பொறியை எடைக்குப் போடுமுன், சுழலும் தட்டை எடுத்துவிட்டுச் சுழலாத நினைவகத் தட்டைப் பொருத்த இயலுமா என்று விசாரியுங்கள். இன்னும் பல ஆண்டுகள் அதில் ஒரு மாணவர் படிக்கலாம்.