காண்டெஸாவும் கடன் வாங்கின இன்ஜின்களும்

ஊரில் அப்பா வீட்டு ஷெட்டில் ஒரு பழைய காண்டெஸாவோ அம்பாசிடரோ நிற்கிறது. அதை இங்கே புனேவுக்குக் கொண்டுவந்து, புது இன்ஜின் ஒன்றைப் போட்டு ஓட்டலாமா? நம்மவர்கள் நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது மெக்கானிக் விலாசம் இல்லை, ஒரு பழைய கதை. ஏனென்றால் இதே வேலையை நம் நாட்டு கார் கம்பெனிகளே 1984-85ல் செய்து பார்த்தன. அதுவும் ஒன்றல்ல, மூன்று.

முதலில் காண்டெஸா. 1984ல் கல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைத் தயாரிக்க ஆரம்பித்தது. உடம்பு இங்கிலாந்து வாக்ஸால் விக்டர், அங்கே 1972 முதல் 78 வரை ஓடிய மாடல். அந்த ஊரில் அதற்கு 1759 சிசி, 2279 சிசி என்று இரண்டு இன்ஜின்கள். அதே உடம்பில் வந்த வென்டோராவுக்கு 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர்! நம் ஆட்கள் உடம்பை மட்டும் கொண்டுவந்தார்கள். உள்ளே வைத்தது, 1959லிருந்து அம்பாசிடரில் உழைத்துக்கொண்டிருந்த 1489 சிசி பி-சீரிஸ் இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன், நாலு கியர். குருவி தலையில் பனங்காய் என்பது இதுதான். மேட்டில் ஏசி போட்டு ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை :-)

தெரியாமல் செய்தார்களா? இல்லை. அது லைசென்ஸ் ராஜ்யம். வெளிநாட்டு இன்ஜினை இறக்க அன்னியச் செலாவணி வேண்டும், டெல்லியில் அனுமதி வேண்டும். இன்ஜின் தயாரிக்கும் இயந்திர வரிசையை மாற்றுவது பாடி அச்சுகளை வாங்குவதைவிடப் பெரிய செலவு. கைவசம் இருந்ததைப் போட்டார்கள்.

சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் இதைவிடத் துணிந்தது. ஹெரால்டும் கெஸலும் செய்த அதே கம்பெனிதான். 1985ல் அவர்கள் கொண்டுவந்த ஸ்டாண்டர்ட் 2000, இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. 1976ல் அங்கே 3528 சிசி வி8 இன்ஜினோடு அறிமுகமான கார் அது. அன்றைக்கு நம் தெருவில் அதைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தது நியாயம்தான். ஆனால் பானெட்டைத் திறந்தால் 1991 சிசி இன்ஜின், 1940களின் கடைசியில் வந்த வான்கார்ட் காரின் வம்சம். ஃபெர்குசன் டிராக்டரிலும் அந்தக் குடும்பத்து இன்ஜின்தான். வெளியே கனவுக் கார், உள்ளே வயக்காட்டு உறவு. விலையும் அதிகம், பெட்ரோலும் குடித்தது. 80கள் முடிவதற்குள் கதை முடிந்தது. நம்ம ஊர் கார் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மூன்றாவது, பம்பாய் பிரீமியர் கம்பெனியின் 118 என்.இ. இதுவும் 1985தான். உடம்பு ஃபியட் 124, இன்ஜின் நிஸ்ஸான் ஏ12. பெயரில் இருக்கும் என்.இ. நிஸ்ஸான் இன்ஜினைத்தான் குறிக்கிறது. மூன்றில் கணக்கு ஒத்துப்போனது இங்கேதான் என்பது என் கட்சி. ஃபியட் 124 பிறந்தபோது அதிலிருந்த இன்ஜின் 1197 சிசி. நிஸ்ஸான் இன்ஜின் 1171 சிசி. உடம்பு எவ்வளவு சுமைக்கு வரையப்பட்டதோ, ஏறக்குறைய அதே அளவு வலு கிடைத்தது. வேற்று வீட்டுச் சம்பந்தம்தான், ஆனால் பொருத்தம் பார்த்துச் செய்தது.

காண்டெஸாவுக்கும் பிறகு விடிந்தது. 80களின் பிற்பாதியில் ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் இன்ஜின் வந்தது. 1817 சிசி, 88 குதிரைத்திறன். (1971லேயே இசுஸுவில் பங்கு வாங்கிய ஜெனரல் மோட்டார்ஸ்தான் அன்று வாக்ஸாலுக்கும் முதலாளியாக இருந்தது. பிரிந்த சொந்தம் சேர்ந்த மாதிரி!) கவனியுங்கள், இன்ஜினை மட்டும் மாற்றவில்லை, கூடவே ஐந்து கியர் பெட்டியும் வந்தது. 90களின் தொடக்கத்தில் அதே 1.8, 75 குதிரைத்திறனாக அம்பாசிடருக்குள்ளும் போனது.

பட்டறையில் இன்ஜின் மாற்றத் திட்டமிடுபவர்கள் பார்க்க வேண்டியதும் இதைத்தான். இன்ஜின் விலை செலவில் ஒரு பகுதி. மவுன்டிங் பொருந்தாவிட்டால் வெல்டிங் வேலை. கியர்பாக்ஸ் நீளம் மாறினால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டி பேலன்ஸ் செய்ய வேண்டும். ரேடியேட்டர், வயரிங், முன் ஸ்பிரிங், பின் ஆக்ஸிலின் ரேஷியோ என்று பட்டியல் நீளும். 50 குதிரைக்குப் போட்ட பிரேக்கை 100 குதிரைக்கு நம்பி குடும்பத்தை உட்கார வைக்கக்கூடாது. மேம்படுத்துவதாக இருந்தால் பிரேக்கில் ஆரம்பியுங்கள் என்பேன். அது பழைய இன்ஜினுக்கும் உதவும்.

ஒரு காலத்தில் இதையெல்லாம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பெட்ரோலைவிட டீசல் மலிவாக இருந்த 80, 90களில் எத்தனையோ டாக்ஸி அம்பாசிடர்களில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். வேகத்துக்காக இல்லை, வயிற்றுப்பாட்டுக்காக. அந்தக் கதவு 2000ல் மூடியது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவைத் திருத்தி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்றார்கள். கேரள உயர் நீதிமன்றம் கொஞ்சம் தளர்வாகப் பொருள் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தள்ளிவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட கிட் போட்டு சிஎன்ஜிக்கோ மின்சாரத்துக்கோ மாற்ற மட்டும் வழி உண்டு.

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு இது இன்னும் நேரடியாக உறைக்கும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டியை வைத்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி., இங்கே பரிசோதனை, சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சு. எண் ஒத்துவராத வண்டி அங்கேயே மாட்டும். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் நேரத்திலும் அப்படித்தான்.

இன்னொரு விஷயம். 2021ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய கார் வின்டேஜ் பதிவு பெறலாம், ஆனால் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். 1984 காண்டெஸாவுக்கு அந்த வயது 2034ல் வருகிறது. இன்று ஜப்பான் இன்ஜினை இறக்கினால் அன்று அந்த வாசல் அடைபடலாம். என்னைக் கேட்டால், அதே 1489 சிசி இன்ஜினைப் பிரித்து போரிங் செய்து, ரேடியேட்டரையும் பிரேக்கையும் சரிபார்த்து, 60ல் நிதானமாக ஓட்டலாம். மாற்றியே தீருவேன் என்பவர்கள் வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பட்டறைக்காரர் "பாத்துக்கலாம் சார்" என்பது அனுமதி ஆகாது.

அதற்கும் முன்னால், அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஆர்.சி.யை எடுத்து வைத்துக்கொண்டு, இன்ஜின் பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பாவே 1991 வாக்கில் சத்தமில்லாமல் ஒரு டீசல் இன்ஜினை ஏற்றி வைத்திருக்கலாம்.