டன் என்னும் ஐஸும் திறன் என்னும் சொல்லும்

குளச்சல், இனயம், தூத்தூர் என நீளும் கரையில், ஆழ்கடலுக்குப் புறப்படும் படகில் டீசலும் ஐஸும் ஏறியாக வேண்டும். பனிக்கட்டி என்பதெல்லாம் ஏட்டில்தான். சென்னையில் பெருகிவரும் தரவு மையங்களின் தேவையும் ஏறத்தாழ இதுவே: ஓடுவதற்கு மின்சாரம், சூடு தணியக் குளிர்ச்சி. இவ்விரண்டையும் தமிழில் எப்படிச் சொல்லிவருகிறோம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

குளிர்ச்சியின் அளவு டன். ஒன்றரை டன் ஏசி என்றால் அது எந்திரத்தின் எடை என்று நினைப்போர் உண்டு. உண்மையில் அது ஐஸின் எடை. 2,000 பவுண்டு (சுமார் 907 கிலோ) ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது வெப்பத்தை உறிஞ்சும் வேகமே ஒரு டன், சுமார் 3.5 கிலோவாட். பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடரின் ஐஸ் 1833இல் கப்பலேறிக் கல்கத்தா வந்தது. அதைச் சேமிக்க 1842இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். எந்திரங்கள் வந்து அந்த வணிகம் அழிந்தது. ஐஸை அளந்த மனம் மட்டும் அளவையில் தங்கிவிட்டது. ஒரு மெகாவாட் மின்சாரம் தின்னும் தரவு மையம் ஏறக்குறைய அவ்வளவையும் வெப்பமாகவே வெளியிடும். அதைத் தணிக்க நாளொன்றுக்கு 284 டன் ஐஸ் உருக வேண்டும்.

நாம் வைத்த பெயர்களோ வேறு கதை சொல்கின்றன. குளிரூட்டல் என்கிறோம், சோறூட்டுவது போல. உள்ளே ஊட்டப்படுவது எதுவும் இல்லை. வெப்பம் வெளியே தள்ளப்படுகிறது. பல இடங்களில் அதற்காக நீரும் ஆவியாகிறது. குளிர்பதனம் என்ற சொல் மீனுக்குப் பொருந்தும், கணினிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. வெப்பமகற்றல் என்றிருந்தால், எங்கே அகற்றுகிறீர்கள் என்ற கேள்வி தானே எழுந்திருக்கும்.

மின்சாரத்தின் பக்கம் சிக்கல் இன்னும் பெரிது. நம் பாடநூல்களில் ஆற்றல் வேறு, அது செலவாகும் வீதமாகிய திறன் வேறு. ஆனால் செயல்திறன், கொள்திறன், பேச்சுத்திறன் என எல்லாவற்றுக்கும் இதே திறன்தான். 2007இல் கிரீன் கிரிட் என்ற அமைப்பு தரவு மையங்களுக்கென ஓர் அளவுகோலைப் பரப்பியது. மையம் முழுதும் வாங்கும் மின்சாரத்தைக் கணினிகள் மட்டும் பயன்படுத்தும் மின்சாரத்தால் வகுப்பது. 2 என்று வந்தால் பாதி மின்சாரம் குளிர்ச்சி முதலான மற்றவற்றுக்குப் போகிறது என்று பொருள். இதைப் பாடநூல் சொற்களால் பெயர்த்தால் 'திறன் பயன்பாட்டுத் திறன்' என்று வரும்! படிப்பவர் பாவம்.

கலைச்சொல் முயற்சிகள் நமக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் கிறீனின் 'கெமிஸ்தம்' 1875இல் அச்சானது இனயத்துக்குக் கிழக்கே, நாகர்கோவிலில். 1916இல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் கண்டனர். வழி பிரிந்தது பின்னால்தான். ஈழத்தார் திறனை வினைத்திறனுக்கு விட்டுவிட்டு, வீதத்துக்கு 'வலு' என்றனர். மின்வலு, பரிவலு. நாம் குதிரைத்திறனோடு நின்றுவிட்டோம்.

இது புலவர் சண்டை அன்று. 2016 ஜூலையில் இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தபோது கரை மக்கள் எதிர்த்து நின்றனர். பின்னர் திட்டம் வேறிடம் நோக்கி நகர்த்தப்பட்டது. சுற்றுச்சூழல் அனுமதிக்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கை, பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குரிய அறிக்கைச் சுருக்கம் வட்டார மொழியிலும் வேண்டும் என்கிறது. மொழி வந்துவிடும், பொருள் வருமா? தமிழக அரசு 2021இல் தரவு மையங்களுக்கெனக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. எத்தனை மெகாவாட், எவ்வளவு நீர், வெப்பம் எங்கே என்று ஊரார் கேட்க வேண்டிய இடத்தில் 'திறன்மிகு குளிரூட்டல்' என்று எழுதினால், அது மின்சாரம் அதிகம் குடிக்கும் எந்திரமா, குறைவாகக் குடிப்பதா என்று யாரால் சொல்ல முடியும்? 'வலு' நம் வீடுகளிலும் புழங்கும் சொல்தானே. யாழ்ப்பாணத்திலிருந்து அதை வாங்கிக்கொள்வதில் நமக்கு என்ன கௌரவக் குறைவு?