பெட்ரோல் காரை ஜெயிக்க வைத்தது ஒரு பேட்டரி



நம் குழுவில் இரண்டு வாரமாக ஒரே விவாதம்: எலக்ட்ரிக் காரா, பெட்ரோல் காரா? "சார், இது புதுச் சமாச்சாரம், பத்து வருஷம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பொறுத்துப் பார்ப்பது அவர் இஷ்டம். ஆனால் புதுச் சமாச்சாரம் என்பதை, உங்களுக்குச் சமூக அறிவியல் எடுத்தவன் ஒத்துக்கொள்ள முடியாது. இந்தப் போட்டி நூறு வருடத்துக்கு முன்பே ஒரு சுற்று நடந்து முடிந்துவிட்டது.

1900-இல் அமெரிக்காவில் தயாரான கார்கள் 4,192. அதில் நீராவிக் கார் 1,681. மின்சாரக் கார் 1,575. பெட்ரோல் கார் வெறும் 936, கடைசி இடம். முந்தின வருடம்தான் காமில் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் பாரிஸ் அருகே மின்சாரக் காரில் மணிக்கு 105 கிலோமீட்டரைத் தாண்டினார். உலகத்தில் ஒரு கார் நூறைத் தாண்டியது அதுவே முதல் தடவை.

பெட்ரோல் கார் ஏன் கடைசி? கிளப்புவதே பெரும்பாடு. முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். பழைய லாரிகளை டிரைவர்கள் அப்படிச் சுற்றியதை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு எலும்பு போய்விடும். சத்தம், புகை, கியர் போடும் அவஸ்தை வேறு. மின்சாரக் காரில் இது எதுவும் கிடையாது. ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் தள்ளினால் போகும். பெட்ரோல் கார் விற்றே கோடீஸ்வரரான ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா, தனக்கு வைத்திருந்தது 'டெட்ராய்ட் எலக்ட்ரிக்' என்ற மின்சாரக் கார்!

அப்புறம் எப்படித் தோற்றது? பெட்ரோல் கம்பெனிகளின் சதி என்று வீடியோ அனுப்புகிறீர்கள். அந்தக் காலத்துக் கதைக்குச் சதி தேவையில்லை என்பது என் கருத்து. விலை ஒரு காரணம். ஃபோர்டின் 'மாடல் டி' 1908-இல் 850 டாலருக்கு வந்து, பிறகு 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1901-இல் டெக்சாஸில் எண்ணெய் பீறிட்டதும் ஒரு காரணம். எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது காரணம். 1912-இல் சார்லஸ் கெட்டரிங் என்பவர் உருவாக்கிய 'செல்ஃப்' காடிலாக் காரில் வந்தது. பேட்டரியும் சின்ன மோட்டாரும் சேர்ந்து எஞ்சினைக் கிளப்பிவிடும், கையால் சுற்றும் வேலை போயிற்று. மின்சாரக் காரின் பெரிய பலம் எதுவோ, அதையே பெட்ரோல் கார் ஒரு பேட்டரியை வைத்துத் தனதாக்கிக்கொண்டது.

இதையெல்லாம் விட முக்கியமானது காருக்கு வெளியே இருந்தது. மின்சாரக் கார் ஒரு சார்ஜில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓடும். டவுனுக்குள் அது தாராளம். சாலைகள் நீண்டு, ஜனங்கள் ஊர் விட்டு ஊர் போக ஆரம்பித்ததும் சிக்கல், ஏனென்றால் போகிற இடத்தில் கரண்ட் இல்லை. 1930-களின் நடுவில்கூட அமெரிக்காவில் பத்துப் பண்ணை வீட்டில் ஒன்றுக்குத்தான் மின்சாரம். பெட்ரோலை டின்னில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். 1888-இல் பெர்த்தா பென்ஸ் அம்மையார் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களுடன் ஜெர்மனியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வாங்கியது மருந்துக் கடையில்! பங்க் என்ற ஒன்றே இல்லாத காலத்திலும் பெட்ரோல் காருக்கு வழி இருந்தது.

இதற்கு மாற்றும் யோசித்தார்கள். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் என்ற ஊரின் மின்சாரக் கம்பெனி 1910-களில், தீர்ந்த பேட்டரியைக் கொடுத்து நிறைந்த பேட்டரி மாற்றிக்கொள்ளும் சேவை நடத்தியது. ஓடிய மைலுக்குக் காசு. இன்று ஸ்கூட்டருக்குப் புதுமை என்று விளம்பரம் செய்கிறார்களே, அதே ஏற்பாடு.

மின்சார வண்டி எல்லா இடத்திலும் தோற்கவும் இல்லை. இங்கிலாந்தில் விடியற்காலை வீடு வீடாகப் பால் போட்ட வண்டிகள் பல பத்தாண்டுகள் பேட்டரியில்தான் ஓடின. தெரிந்த தெரு, தெரிந்த தூரம், வேலை முடிந்ததும் டிப்போவில் சார்ஜ். யாரையும் தூக்கத்தில் எழுப்பாது.

ஆகவே வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: எந்தக் கம்பெனி என்று பார்ப்பதற்கு முன், இரவில் வண்டி நிற்கும் இடத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த வீட்டில் போர்ட்டிகோ உள்ளவர் கணக்கு வேறு, மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு தெருவில் வண்டி நிறுத்துகிறவர் கணக்கு வேறு. மாதம் ஒரு தடவை குலதெய்வம் கோவிலுக்குப் போகிற வழியில் சார்ஜர் உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே எலக்ட்ரிக் கார் வைத்திருக்கும் பிள்ளைகள், எங்கே சார்ஜ் போடுகிறீர்கள், மாதம் எவ்வளவு ஆகிறது என்று கீழே எழுதுங்கள்.