ஹெல்சிங்கி – டோக்கியோ: பறக்கும் நேரத்தின் அரசியல் வரலாறு

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பூமிப்பந்தின் மேல் மிகக் குறுகிய கோட்டை இழுத்தால் அதன் நீளம் சுமார் 7,800 கி.மீ. கோட்டின் பெரும்பகுதி சைபீரியாவின் மேல் கிடக்கிறது. விமான எந்திரங்கள் வளர வளரப் பயண நேரம் குறைந்தது என்பது பொதுவான எண்ணம். 1950-கள் வரை அது சரிதான். அதற்குப் பிந்தைய காலத்தில், இந்த வழித்தடத்தின் நேரத்தைத் தீர்மானித்ததில் எந்திரத்தைவிட மாஸ்கோவுக்கே பங்கு அதிகம்.

சோவியத் வான் மூடிக் கிடந்ததால் வட ஐரோப்பியர் முதலில் தெற்கே இறங்கி, கராச்சி, பாங்காக் வழியாக ஜப்பான் சென்றனர். 1957 பிப்ரவரியில் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ், டிசி-7சி விமானத்தைக் கோபன்ஹேகனிலிருந்து வடதுருவப் பாதையில் அலாஸ்காவின் ஆங்கரேஜுக்கும் அங்கிருந்து டோக்கியோவுக்கும் ஓட்டியது. ஐம்பது மணி நேரத்துக்கும் மேலான பயணம் சுமார் 32 மணியாகச் சுருங்கியது. காந்தத் துருவத்தின் அருகே திசைகாட்டி முள்ளை நம்ப முடியாது. சுழல்காட்டிக் கருவிகளும் வானியல் கணிப்பும் கைகொடுத்தன. இதை எந்திரவியலின் வெற்றி என்று தயங்காமல் சொல்லலாம்.

1967-இல் டோக்கியோ–மாஸ்கோ சேவை சோவியத்தின் டியூ-114 விமானத்தில் தொடங்கியது. சைபீரியாவின் மேல் பிறருக்குக் கிடைத்த முதல் இடுக்கு அதுதான். ஆனால் மாஸ்கோவில் இறங்காமல் கடக்க இடமில்லை.

1983 ஏப்ரலில் பின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்ஏர் வேறு வழி கண்டது. கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்திய டிசி-10, வடதுருவத்தைத் தாண்டி பெரிங் நீரிணை வழியாக டோக்கியோவில் இறங்கியது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு எங்கும் நிற்காமல் சென்ற முதல் சேவை அது. சுமார் 13 மணி நேரம். 1948 முதல் சோவியத்துடன் நட்பு உடன்படிக்கை வைத்திருந்த நாடு பின்லாந்து. அந்த நட்பும் சைபீரிய வானைத் திறக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று, ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குப் புறப்பட்டுத் தடம் விலகிய கொரிய விமானத்தை சோவியத் போர்விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தனர். சுற்றிப் போவதற்கான காரணத்தை அதன்பின் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சோவியத் குலைந்தபின் சைபீரியப் பாதை விரிந்தது. ஐரோப்பிய நிறுவனங்கள் கடப்புக் கட்டணத்தை ருஷ்ய விமான நிறுவனமான ஏரோஃபிளாட்டுக்குச் செலுத்தின. ஹெல்சிங்கி–டோக்கியோ சுமார் ஒன்பதரை மணியானது. ஆசியாவுக்குக் குறுக்குவழி என்பதையே ஃபின்ஏர் தன் வணிகத்தின் அடித்தளமாக்கி, அதை நம்பி ஏ350 விமானங்களையும் வாங்கியது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும் ஐரோப்பிய ஒன்றியம் ருஷ்ய விமானங்களுக்குத் தன் வானை மூடியது. மறுநாளே ருஷ்யா 36 நாடுகளுக்குத் தன் வானை மூடியது. மார்ச்சில் ஃபின்ஏர் மீண்டும் துருவத்தின் மேல் பறந்தது: சுமார் 12,900 கி.மீ., 13 மணி நேரம். 1983-இன் டிசி-10க்கு ஆன அதே நேரம். இடைப்பட்ட நாற்பதாண்டு விமானவியல் எரிபொருளை மிச்சப்படுத்தியிருக்கிறது, ஓசையைக் குறைத்திருக்கிறது. மணிக்கணக்கில் எதையும் மீட்டுத் தரவில்லை.

தடை எல்லோருக்கும் பொருந்தவில்லை. சீன விமானங்கள் அதன்பின்னும் ருஷ்ய வானின் வழியே ஐரோப்பாவுக்கு வந்துபோயின. ஃபின்ஏரோ தன் அகலவுடல் விமானங்களில் சிலவற்றை ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸுக்குக் குத்தகைக்கு விட்டது.